மலையில் எழுத்து வெட்டிப் பிழைக்க: புதிதாக வருபவருக்கு ஒரு வழிகாட்டி

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி என்று எந்த ஊர்ப் பாத்திரக் கடையில் ஒரு தூக்குப்போசி வாங்கினாலும், பணம் கட்டும்போது "பேர் வெட்டணுங்களா?" என்று கேட்பார்கள். கல்யாணச் சீருக்கு எடுக்கும் அண்டாவில் பெண்வீட்டார் பெயர், கோயில் மணியில் 'உபயம்' என்று தொடங்கும் ஒரு வரி, பள்ளிக் கேடயத்தில் ஜெயித்த பிள்ளையின் பெயர், பங்களா கேட்டில் பித்தளைப் பலகை, கல்லறையில் ஒரு தேதி. இவ்வளவையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து வெட்டுகிறார். அந்த வேலைக்கு வர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீலகிரியை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்; கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

தொழிலில் இரண்டு வழி உண்டு. உளியாலோ ஊசியாலோ உலோகத்தை நேரடியாகச் செதுக்குவது என்கிரேவிங். உலோகத்தின் மேல் மெழுகோ ஸ்டிக்கரோ போர்த்தி, திறந்து விட்ட இடத்தை மட்டும் ரசாயனக் கரைசல் அரிக்க விடுவது எட்சிங். இப்போது லேசரும் சேர்ந்திருக்கிறது. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் லேசரில்தான் தொடங்குகிறார்கள். கடன் வாங்கி மெஷினை இறக்கிவிட்டு, அப்புறம் வேலை தேடுகிறார்கள். நான் சொல்லும் வரிசை இதற்கு நேர் எதிர்: முதலில் எழுத்து, அடுத்து கை, அதற்கப்புறம் கரைசல், கடைசியில்தான் மெஷின். காரணம் எளிது. இந்த மலையில் நம்மிடம் வரும் வேலையில் பெரும்பகுதி எழுத்துதான். எழுத்தின் வடிவமும் இடைவெளியும் கண்ணில் ஏறாதவர் எவ்வளவு விலை கொடுத்து மெஷின் வாங்கினாலும் கோணலான பலகைதான் வெளியே வரும். கோணல் என்பதே அவருக்குத் தெரியாமல் போவதுதான் பெரிய சிக்கல்.

வேலை எங்கிருந்து வருகிறது

கருவி வாங்குவதற்கு முன் ஊரைச் சுற்றிப் பாருங்கள். குன்னூர் பக்கத்து வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் இருக்கிறது. முப்படை அதிகாரிகளுக்கான பயிற்சிக் கல்லூரியும் அங்கேதான். ஒவ்வோர் ஆண்டும் ஒரு குழு படிப்பை முடித்துக் கிளம்புகிறது, இன்னொரு குழு வருகிறது. பிரிவு உபசாரம், நினைவுப் பரிசு, அதிகாரிகள் மெஸ் சுவரில் பெயர் வரிசை என்று பித்தளையில் எழுத்து வெட்டும் வேலை அங்கே நிற்பதே இல்லை. லவ்டேல் லாரன்ஸ் பள்ளி 1858இல் தொடங்கியது; கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி 1901இல். இப்படிப் பழைய உறைவிடப் பள்ளிகள் இரண்டு மலைகளிலும் நிறைய. ஒவ்வொன்றிலும் விளையாட்டு விழா, ஒவ்வொரு விழாவுக்கும் சுழற்கோப்பைகள். சுழற்கோப்பையின் அழகு என்னவென்றால், ஒருமுறை ஒழுங்காக வெட்டிக் கொடுத்தால் அடுத்த வருடமும் அதே கோப்பை உங்களிடமே வரும்.

மே மாதம் ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்க்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக்காட்சி. தோட்டப் போட்டிகளுக்குக் கோப்பைகள் அப்போதுதான் தயாராகும். கொடைக்கானலிலும் அதே மாதம் மலர்க்காட்சியும் கோடை விழாவும் நடக்கின்றன. தேயிலைத் தொழிற்சாலைகள் மூட்டைகளில் தோட்டத்தின் பெயரையும் ரகத்தையும் குறிக்க ஸ்டென்சில் தகடு வெட்டச் சொல்வார்கள். பெரிய வருமானம் இல்லை, ஆனால் நிலையானது. படுகர் ஊர்களில் ஹெத்தையம்மன் பண்டிகையை ஒட்டிக் கோயில் சாமான்களுக்கு உபயதாரர் பெயர் வெட்ட வருவார்கள். மாவட்டத்தில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் ஸ்டீல் பாட்டில் எல்லார் கையிலும் இருக்கிறது. விடுதிகளும் சுற்றுலா நிறுவனங்களும் அதில் பெயரும் சின்னமும் பொறித்துத் தரச் சொல்கின்றன. லேசர் வாங்கினால் முதலில் உதவுவது இந்த வேலைதான்.

கல் வேலை தனி உலகம். அடிக்கல், திறப்புவிழாக் கல்வெட்டு, கல்லறைக் கல் எல்லாம் அதில் வரும். அதை இங்கே விரிக்கவில்லை. ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். கிரானைட்டை உலர்வாக வெட்டினால் பறக்கும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலில் போய்த் தங்கினால் அது திரும்பி வராது. தண்ணீர் விட்டு வெட்டுங்கள், நல்ல மாஸ்க் போடுங்கள். மற்றபடி, எழுத்தின் அழகைப் பார்க்க ஊட்டி செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு மதியம் போய் வாருங்கள். 19ஆம் நூற்றாண்டுக் கற்கள் நிற்கின்றன. எந்த எழுத்து மழைக்கும் பாசிக்கும் தாங்கியிருக்கிறது, எது மழுங்கிப் போயிருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்தாலே, எவ்வளவு ஆழம் வேண்டும், கோடு எந்த வடிவில் இறங்க வேண்டும் என்பது பிடிபடும்.

கையைப் பழக்குவது

மூன்று மாதம் சம்பாத்தியம் எதிர்பார்க்காமல் பழக முடியுமானால் நல்லது. முடியாதவர்கள் பாத்திரக் கடையில் பேர் வெட்டுபவரிடம் உதவிக்குச் சேரலாம். அங்கே கையில் பிடிக்கும் அதிர்வு மெஷினில் ஸ்டீலின் மேல் புள்ளி புள்ளியாக எழுதுவார்கள். சில ஆயிரம் ரூபாய்க்குள் வாங்கிவிடக்கூடிய கருவி அது. அதில் கை வேகமும், வளைந்த பரப்பில் வரி கோணாமல் எழுதும் பழக்கமும் வரும். வாடிக்கையாளரை நிற்க வைத்துக்கொண்டு எழுதுவதால் பதற்றமும் போகும். ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். அந்த வேலைக்குக் கூலி குறைவு, போட்டி அதிகம்.

உளி வேலைக்குத் தேவையானவை குறைவுதான். சதுர முனை உளி ஒன்று, தட்டை முனை ஒன்று, தீட்டுவதற்கு நல்ல எண்ணெய்க்கல் அல்லது டைமண்ட் கல், மணல் நிரப்பிய தோல் மூட்டை, பூதக்கண்ணாடி, கோடு போட எஃகு ஊசி. நகைப் பட்டறைக்காரர்கள் நகாசு வேலைக்கு வைத்திருக்கும் உளிகளே இதற்கும் பயன்படும். கோவை ராஜ வீதிப் பக்கம் நகைப் பட்டறைக் கருவிகள் விற்கும் கடைகளில் விசாரியுங்கள். பழனி மலைக்காரர்களுக்கு, அதாவது கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு, மதுரை தெற்கு ஆவணி மூல வீதி பக்கம். பழகுவதற்குப் பித்தளைத் தகடே நல்லது. செம்பு மென்மையானது, ஆனால் உளியில் ஒட்டிக்கொண்டு இழுக்கும். பித்தளையில் சுருள் சுத்தமாக எழும்பி வரும்.

முதல் பாடம் தீட்டுவது. இதைத் தாண்டிக் குதிக்கப் பார்ப்பவர்கள் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள். உளியின் முகம் 45 பாகைச் சாய்வில் இருக்க வேண்டும். அடிப்பக்கம் மிகச் சிறிய ஒரு சாய்வு கொடுக்க வேண்டும். அது இல்லாவிட்டால் உளி தகட்டுக்குள் புதைந்து நின்றுவிடும். அது இருந்தால் கையை லேசாகத் தாழ்த்தியதும் உளி மேலேறி வெளியே வரும். கூர்மை சரிதானா என்று பார்க்க, முனையைக் கட்டைவிரல் நகத்தில் அழுத்தாமல் வையுங்கள். வழுக்கினால் மறுபடி கல்லுக்குப் போங்கள். நகத்தைக் கவ்விக்கொண்டு நின்றால் வேலைக்குத் தயார்.

அடுத்தது உளியைப் பிடிக்கும் முறை. உளியின் பிடி உள்ளங்கையின் நடுவில் அமர வேண்டும், ஆள்காட்டி விரல் உளியின் மேல் நீண்டிருக்க வேண்டும், கட்டைவிரல் தகட்டைத் தொட்டபடி தடுப்பாக நிற்க வேண்டும். தள்ளும் விசை உள்ளங்கையிலிருந்து வருகிறது, விரலிலிருந்து அல்ல. வளைவு வரும்போது கையைத் திருப்பாதீர்கள். வலது கை நின்ற இடத்திலேயே நிற்கட்டும். இடது கை மணல் மூட்டையின் மேலிருக்கும் தகட்டைச் சுழற்றி உளிக்குள் ஊட்ட வேண்டும். இது முதலில் வராது. ஒரு நாள் சட்டென்று வந்துவிடும். சுருள் உடையாமல் தலைமுடி போல நீண்டு எழும்போது உங்களுக்கே தெரியும். இடது கை விரல்கள் எப்போதும் உளி போகும் திசைக்குப் பின்னால் இருக்கட்டும். உளி வழுக்குவது சகஜம். எதிரே விரல் இருந்தால் தையல் போடத்தான் போக வேண்டியிருக்கும்.

ஒரு மி.மீ. இடைவெளியில் நேர்கோடுகள், பிறகு பிறை வளைவுகள், பிறகு முழு வட்டங்கள். வட்டம் சேரும் இடம் தெரியாமல் வரும் வரை எழுத்துக்குப் போக வேண்டாம். தவறிய கோட்டைச் சுரண்டி, வழவழப்பான எஃகுத் தண்டால் தேய்த்து, பின்பக்கம் லேசாகத் தட்டிச் சமன் செய்யலாம். அதையும் பழகி வையுங்கள். வாடிக்கையாளரின் பொருளில் அது உங்களைக் காப்பாற்றும்.

தமிழ் எழுத்து

இதில்தான் உங்களுக்குப் பெயர் கிடைக்கும். ஆங்கில எழுத்துக்கு ஆயிரம் மாதிரிகள் கிடைக்கின்றன. தகட்டுக்கென்று சீராக வரைந்த தமிழ் எழுத்து குறைவு. கம்ப்யூட்டரில் இருக்கும் எழுத்துருவை அப்படியே சின்னதாக்கி வெட்டினால் ண, ஞ, ணை, ஜ போன்றவற்றின் சுழிகள் அடைத்துப்போய் ஒரு கறையாகத் தெரியும். என் அனுபவத்தில் 4 மி.மீ. உயரத்துக்குக் கீழே போனால் தமிழ் எழுத்தைக் கையால் திருத்தி வரைந்தே ஆக வேண்டும். சுழிகளைக் கொஞ்சம் பெரிதாக்கி, கால்களைக் கொஞ்சம் குட்டையாக்கி, மேல்விலங்கு (கி, கீ போன்றவற்றில் மேலே வரும் வளைவு) பக்கத்து எழுத்தில் முட்டாமல் இழுக்க வேண்டும். புள்ளியை எழுத்து முழுவதும் வெட்டி முடித்த பிறகு கடைசியில் வைக்கும் பழக்கம் நல்லது. வரி முழுவதும் புள்ளிகள் ஒரே உயரத்தில் நிற்கும். ஆனால் எண்ணி வையுங்கள். ஒரு புள்ளி விட்டுப்போனால் பெயரே வேறாகிவிடும். ஓலையில் எழுதியவர்கள் ஓலை கிழியும் என்று புள்ளியைத் தவிர்த்தார்கள். தகட்டில் வெட்டும் நமக்கு அந்தச் சாக்கு இல்லை.

நம் செப்பேடுகளின் படங்களைத் தேடிப் பாருங்கள். பராந்தக நெடுஞ்சடையன் காலத்து, 8ஆம் நூற்றாண்டு வேள்விக்குடிச் செப்பேட்டில் அதைப் பொறித்தவரின் பெயரும் இருக்கிறது: யுத்தகேசரி பெரும்பணைக்காரன். அரசனின் பெயர் ஏறிய அதே தகட்டில் எழுத்து வெட்டியவர் பெயரும் ஏறியிருக்கிறது. இந்தத் தொழிலுக்கு வரும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். நம்முடைய வேலை அவ்வளவு மரியாதைக்குரியது.

பெயரை எப்போதும் வாடிக்கையாளர் கையால் எழுதி வாங்குங்கள். இங்கே ஒரே பெயரை ஒரு வீட்டார் பெள்ளி என்பார்கள், இன்னொரு வீட்டார் பெல்லி என்று எழுதுவார்கள். நாமாக முடிவு செய்யக் கூடாது. தலைப்பெழுத்தும் அப்படியே. எழுதியதைக் காகிதத்தில் நிஜ அளவில் வரைந்து, வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சரி" என்ற பதில் வந்த பிறகுதான் உளி தகட்டைத் தொட வேண்டும்.

கோப்பைகளில் இன்னொரு எச்சரிக்கை. வெள்ளி போல மின்னும் பல கோப்பைகள் பித்தளை மேல் வெள்ளிப் பூச்சு. ஆழமாக வெட்டினால் உள்ளே மஞ்சள் தெரியும். அப்படிப்பட்டதில் டைமண்ட் முனையால் மேலோட்டமாகக் கீறுங்கள், அல்லது தனித் தகட்டில் வெட்டிப் பீடத்தில் பொருத்துங்கள். பழைய கோப்பை கைக்கு வந்தவுடன், இருக்கும் நசுங்கல்களை வாடிக்கையாளர் முன்னாலேயே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பித்தளைப் பெயர்ப்பலகை: எட்சிங்கில் முதல் வேலை

மலையில் பங்களா, எஸ்டேட், கிளினிக், வக்கீல் ஆபீஸ் எல்லாவற்றுக்கும் பித்தளைப் பலகை பிடிக்கும். உளியால் வெட்டினால் நாள்கணக்கில் ஆகும் வேலையை எட்சிங்கில் ஓரிரு நாளில் முடிக்கலாம். புதியவர் கையில் முதலில் நல்ல காசு பார்க்கக்கூடிய வேலை இதுதான், அதனால் விவரமாகச் சொல்கிறேன்.

ஒன்றரை மி.மீ. பித்தளைத் தகடு எடுத்து, ஓரங்களை அரத்தால் சாய்த்துக்கொள்ளுங்கள். புளியும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்து, சோப்பால் கழுவி, தண்ணீருக்கடியில் பிடியுங்கள். தண்ணீர் ஒரே படலமாக வழிந்தால் எண்ணெய்ப் பசை போய்விட்டது. முத்து முத்தாக நின்றால் இன்னும் தேய்க்க வேண்டும். இந்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள், விரல் பட்ட இடத்தில்தான் ஸ்டிக்கர் முதலில் கிளம்பும்.

எழுத்தை ஸ்டிக்கரில் வெட்ட சொந்தமாகக் கட்டிங் மெஷின் வேண்டாம். வண்டிகளுக்கு ரேடியம் ஸ்டிக்கர் வெட்டும் கடை ஊருக்கு ஒன்றாவது இருக்கிறது. நீங்கள் வரைந்த எழுத்தைக் கொடுத்து, ஓரத்து அகலத்தோடு வெட்டித் தரச் சொல்லுங்கள். அரிக்க வேண்டிய எழுத்துப் பகுதியை மட்டும் உரித்துவிட்டு மீதியைத் தகட்டில் அழுத்தி ஒட்டுங்கள். பின்பக்கத்தையும் ஓரங்களையும் பேக்கிங் டேப்பால் மூடுங்கள். ரசாயனம் கீழ்நோக்கி மட்டுமல்ல, பக்கவாட்டிலும் அரிக்கும். அதனால் எழுத்து நீங்கள் வரைந்ததைவிடக் கொஞ்சம் தடிக்கும். வரையும்போதே கோட்டை மெலிதாக வரையுங்கள், இரு கோடுகளுக்கு நடுவே இடம் விடுங்கள்.

கரைசலுக்கு ஃபெர்ரிக் குளோரைடு. சர்க்யூட் போர்டு செய்பவர்களுக்காக எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடைகளில் விற்கிறார்கள். எடையில் 40 சதவீத அளவுள்ள கரைசல் வழக்கம். கட்டியாகக் கிடைத்தால் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், சூடாகும். கட்டியின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. பிளாஸ்டிக் அல்லது கண்ணாடித் தட்டுதான். உலோகப் பாத்திரத்தில் வைத்தால் பாத்திரமே போய்விடும். கையுறை, கண்ணாடி, பழைய துணி. பட்ட இடத்தில் மஞ்சள் கறை விழும், துணியில் பட்டால் போகவே போகாது. நைட்ரிக் அமிலம் வேகமாக வேலை செய்யும் என்று யாராவது சொல்வார்கள். அதிலிருந்து வரும் புகை விஷம். ஜன்னல் மூடிக் கிடக்கும் மலைவீட்டு அறையில் அதைத் தொடவே வேண்டாம்.

தகட்டை முகம் கீழாக, இரண்டு சிறு பிளாஸ்டிக் கட்டைகளின் மேல் வையுங்கள். அரிபடும்போது உருவாகும் வண்டல் கீழே விழுந்துவிடும். முகம் மேலே இருந்தால் அது எழுத்துக்குள் தங்கி அரிப்பை நிறுத்திவிடும். அவ்வப்போது தட்டை ஆட்டி விடுங்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துக் கழுவி, நகத்தால் ஓரத்தைத் தடவுங்கள். நகம் நன்றாகத் தடுக்கி நிற்கும் வரை விடுங்கள். பெயர்ப்பலகைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

ஆழம் போதும் என்றானதும் கழுவி, வாஷிங் சோடா கலந்த தண்ணீரில் அலசி, காய வைத்து, ஸ்டிக்கரை எடுக்காமலே பள்ளத்தில் கறுப்பு எனாமல் பூசுங்கள். நன்றாக உலர்ந்த பிறகு ஸ்டிக்கரை உரித்து, தட்டையான மரக்கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் தண்ணீர் விட்டு ஒரே திசையில் தேய்த்தால் ஓரங்கள் கூர்மையாகத் தெரியும். கடைசியில் லாக்கர், அதாவது பித்தளை கறுக்காமல் காக்கும் நிறமற்ற பூச்சு. இங்கே பனிமூட்டத்தில் லாக்கர் போடாத பித்தளை சில வாரங்களிலேயே கறுக்கத் தொடங்கிவிடும்.

குளிரும் ஈரமும்

சமவெளியில் எழுதிய குறிப்புகளை அப்படியே பின்பற்றினால் இங்கே ஏமாந்து போவீர்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுகிறது. ரசாயன அரிப்பு குளிரில் மந்தமாகும். பத்து டிகிரி குறைந்தால் நேரம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கரைசல் தட்டை வெந்நீர் ஊற்றிய பெரிய டப்பில் வைத்தால் போதும். கரைசலை அடுப்பில் நேராகச் சூடாக்க வேண்டாம்.

வளைந்த பொருளைப் பிடித்துக்கொள்ள குங்கிலியம், செங்கற்பொடி, எண்ணெய் சேர்த்துக் காய்ச்சிய அரக்குக் கலவை பயன்படுத்துவோம். குளிர்காலத்தில் அது கல்லாக இறுகி, தட்டினால் விரிசல் விடும். அப்போது எண்ணெயைக் கொஞ்சம் கூட்டிக் காய்ச்ச வேண்டும். மழைக்காலத்தில் உளிகள் ஒரே ராத்திரியில் துருப்பிடிக்கும். எண்ணெய் தடவிய துணியில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். எனாமல் காய இரண்டு நாள் என்று கணக்குப் போட்டிருந்தால் ஜூலையில் நான்கு நாள் சொல்லி ஆர்டர் எடுங்கள்.

கழிவு

இந்த இடத்தில் நான் கறாராகப் பேசுகிறேன். பயன்படுத்திய ஃபெர்ரிக் குளோரைடில் கரைந்த செம்பு இருக்கிறது. மீனுக்கும் நீரில் வாழும் சிறு உயிர்களுக்கும் அது நஞ்சு. இங்கே சாக்கடையில் ஊற்றுவது ஓடையில் ஊற்றுவதுதான். நீலகிரி ஓடைகள் பவானிக்கும் மாயாற்றுக்கும் போகின்றன. பழனி மலையின் தெற்குச் சரிவு வைகைக்கும் வடக்குச் சரிவு அமராவதிக்கும் போகிறது. கீழே லட்சக்கணக்கான பேர் குடிக்கிறார்கள். கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசக் கழிவு அந்த மலைக்கு என்ன செய்தது என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். நம் பட்டறை சின்னதுதான். ஆனால் ஓடையும் சின்னது.

செய்ய வேண்டியது கடினமில்லை. பழைய கரைசலைப் பெரிய பிளாஸ்டிக் வாளியில் ஊற்றி, வாஷிங் சோடாவைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். பொங்கும், அதனால் வாளி பாதிக்கு மேல் நிரம்பியிருக்கக் கூடாது. பொங்குவது நின்று, பி.எச். தாளில் (அமிலத்தன்மையைக் காட்டும் தாள்) 7க்கும் 8க்கும் நடுவே காட்டும் வரை போடுங்கள். ஒரு நாள் விட்டால் வண்டல் அடியில் தங்கும். அந்த வண்டலை வடிகட்டி, காய வைத்து, மூடிய டப்பாவில் பெயர் எழுதிச் சேர்த்து வையுங்கள். மாசு கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் கேட்டு, ரசாயனக் கழிவு எடுக்க உரிமம் உள்ளவரிடம் கொடுங்கள். குப்பை வண்டியில் போட வேண்டாம்.

லேசர் வாங்குவதாக இருந்தால்

கையும் எழுத்தும் வந்த பிறகு, மாதாமாதம் ஸ்டீல் பாட்டில் ஆர்டர் தவறாமல் வருகிறது என்று தெரிந்த பிறகு வாங்குங்கள். கார்பன் டை ஆக்சைடு லேசர் மரம், தோல், அக்ரிலிக், கண்ணாடிக்கு. வெறும் உலோகத்துக்கு ஃபைபர் லேசர்தான் வேண்டும். இரண்டையும் ஒன்றென்று நினைத்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். பி.வி.சி. பொருளை எந்த லேசரிலும் வைக்கக் கூடாது, குளோரின் சேர்ந்த நச்சுப்புகை வரும். கார்பன் டை ஆக்சைடு லேசரின் குழாயைத் தண்ணீர் ஓட விட்டுக் குளிர்விப்பார்கள். உறைபனி இரவில் அந்தத் தண்ணீர் உறைந்தால் குழாய் வெடிக்கும். குளிர்காலத்தில் இரவு மெஷினை நிறுத்தும்போது தண்ணீரை வடித்துவிடுங்கள். மழைக்காலக் காலையில் லென்ஸில் நீர் படிந்திருக்கும். துடைக்காமல் சுவிட்சைப் போடாதீர்கள். மின்சாரம் போய்ப் போய் வரும் ஊர் என்பதால் யூ.பி.எஸ். இல்லாமல் தொடங்க வேண்டாம்.

அச்சுப்படம் எடுக்க ஆசைப்படுபவர்களுக்கு

சிலர் எழுத்தோடு நிற்காமல் படம் செய்ய வருவார்கள். அது நல்ல ஆசை. இந்த மலைக்கு அதில் பழைய உறவு உண்டு: ரிச்சர்ட் பேரன் என்ற ராணுவ அதிகாரி 1835இல் இங்கே தங்கி வரைந்த காட்சிகள் 1837இல் லண்டனில் அக்வாடிண்ட் (தகட்டை அரித்து நிழல்சாயல் எடுக்கும் முறை) அச்சுகளாக வெளிவந்தன. சோலைக்காடு, பல்சக்கர ரயில், குறிஞ்சிச் சரிவு என்று நமக்கும் வரைய நிறைய இருக்கிறது.

செம்புத் தகட்டில் தேன்மெழுகும் குங்கிலியமும் தாரும் கலந்த பூச்சைப் பூசி, ஊசியால் கீறி, அதே ஃபெர்ரிக் குளோரைடில் அரிக்க விடுவதுதான் முறை. ஊசிக்கு அலைய வேண்டாம். ஊட்டி பக்கத்துக் கேத்தியில் 1949 முதல் ஊசித் தொழிற்சாலையே இருக்கிறது. தடித்த தையல் ஊசியை ஒரு மரப்பிடியில் செருகினால் போதும். அச்சில் எல்லாம் இடவலம் மாறி விழும், எழுத்து இருந்தால் தலைகீழாக யோசித்துத்தான் வெட்ட வேண்டும். மை பூசி, கஞ்சி போட்ட மல் துணியால் துடைத்து, கடைசியாக உள்ளங்கையால் துடைத்தால் கோடுகளில் மட்டும் மை நிற்கும். நனைத்த பருத்திக் காகிதத்தை அதன் மேல் வைத்து உருளை அழுத்தத்தில் எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் நனைத்த காகிதத்தை ராத்திரி விட்டால் பூஞ்சை பிடித்துவிடும். காலையில் நனைத்து அன்றே அச்சிடுங்கள்.

அந்த உருளை அச்சு இயந்திரம் விலை அதிகம், இடமும் பிடிக்கும். தகட்டை வீட்டில் தயாரித்துக்கொண்டு, சென்னை லலித் கலா அகாதமியின் மண்டல மையத்தில் இருக்கும் கிராஃபிக்ஸ் ஸ்டுடியோவில் அச்சிட முடியுமா என்று விசாரியுங்கள். முறையாகப் படிக்க விரும்பும் இளையவர்களுக்கு 1850இல் தொடங்கிய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியும், கும்பகோணம் கல்லூரியும் உண்டு.

தோடர் பூ வேலைப்பாட்டை அப்படியே எடுத்துப் பாட்டிலிலும் பலகையிலும் போட்டு விற்கும் ஆசை வரலாம். சுற்றுலாப் பயணிகள் கேட்பார்கள். அந்தப் பூத்தையலுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அது அவர்களுடைய சொத்து. வேண்டுமென்றால் அந்தப் பெண்களிடமே போய்ப் பேசி, அவர்கள் சம்மதித்தால் பங்கு கொடுத்துச் செய்யுங்கள்.

பதிவு, கடன், விலை

உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு) இலவசம், இணையத்தில் நீங்களே செய்யலாம். பணம் கேட்கும் இடைத்தரகரிடம் போக வேண்டாம். ஜி.எஸ்.டி. பதிவு சேவைக்கு ஆண்டு விற்றுமுதல் 20 லட்சமும், பொருள் விற்பனைக்கு 40 லட்சமும் தாண்டும்போதுதான் பொதுவாகக் கட்டாயம். தொடக்கத்தில் பெரும்பாலோருக்குத் தேவைப்படாது. லேசர் போன்ற பெரிய செலவுக்கு மாவட்டத் தொழில் மையத்தில் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் பற்றிக் கேளுங்கள். வகையையும் இடத்தையும் பொறுத்து 15 முதல் 35 சதவீதம் வரை மானியம் உண்டு.

விலையை எழுத்துக் கணக்கில் மட்டும் சொல்லாதீர்கள். பாத்திரத்தில் பேர் வெட்ட அது சரி. பெயர்ப்பலகைக்குத் தகட்டின் விலை, வரையும் நேரம், கரைசல், லாக்கர், வீணாகிப் போகும் ஒன்றுக்கான இடம் எல்லாம் சேர வேண்டும். பாதிப் பணம் முன்பணமாக வாங்குங்கள், ஏனென்றால் பெயர் வெட்டிய பொருளை வேறு யாருக்கும் விற்க முடியாது.

பள்ளிக்கோ மெஸ்ஸுக்கோ வேலை கேட்டுப் போகும்போது விலைப் பட்டியலைவிட, நீங்கள் வெட்டிய ஒரு தகட்டைக் கையில் கொடுப்பது நல்லது. ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் ஆங்கிலம். மே மாத வேலைக்கு மார்ச் தொடக்கத்திலேயே போய்ப் பாருங்கள். ஏப்ரல் நடுவில் போனால் எல்லாக் கோப்பைகளும் கோவைக்கு இறங்கியிருக்கும். பித்தளைத் தகடும் லாக்கரும் பிப்ரவரியிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். சீசன் தொடங்கிவிட்டால் மேட்டுப்பாளையம் சாலை நெரிசலில் சரக்கு எப்போது மேலே வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.